காலி இடத்துக்குக் கைதட்டாதவர்

என் அண்ணியைப் பார்த்து யாராவது "அடக்கமான பொண்ணு" என்று சொன்னால், அவர்கள் வேறு யாரையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோபம் சிலருக்கு மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். அண்ணிக்கு அது மூக்குக்கு ஒரு சாண் முன்னாலேயே நடந்து போகும். நாங்கள் பின்னால் போய்ச் சமாதானம் செய்துகொண்டு வருவோம். ஆனால் ஒன்று, காரணமில்லாமல் அவர் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. காரணம் இருந்தபோது போகாமல் இருந்ததும் இல்லை.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் நானும் அவரும் வேலை பார்க்கிறோம். நான் கூடத்தில், தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு போன் எடுப்பவர்களில் ஒருத்தி. யாராவது கூப்பிடுவார்கள், பாதி அழுகையில் தெருவின் பெயரைச் சொல்வார்கள், நான் அதைத் தட்டுவேன், திரையில் மேப் விரியும், பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று தெரியும், அனுப்புவேன். இத்தனையும் நடப்பது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சின்ன அறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சர்வரில். அந்த அறை அண்ணியின் ராஜ்ஜியம். அப்படி ஒரு வேலை காலியாக இருக்கிறது என்று அண்ணனிடம் வந்து சொன்னவள் நான்தான். அந்தப் பெருமையை இன்றுவரை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சர்வர் பழையது. புதியது கேட்டுக் கேட்டு அண்ணிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எனவே இருக்கிற மெமரியில் ஒரு துளியைக்கூட அவர் வீணாக்க மாட்டார். வீட்டிலும் அதே குணம்தான். என் அம்மாவுக்குச் சமையல் மேடை துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருக்க வேண்டும். உப்பு, எண்ணெய், கரண்டி எல்லாம் அலமாரிக்குள், சில நாள் பரணில். அண்ணி வந்த முதல் மாதமே அடிக்கடி வேண்டியதையெல்லாம் எடுத்து மேடையில் வைத்துவிட்டார்.

"ஏம்மா, மேடை பாக்க லட்சணமா இருக்க வேண்டாமா?" என்று அம்மா கேட்டாள்.

"காலியா வச்சு என்ன பண்ணப் போறீங்க அத்தை, வாடகைக்கா விடப் போறீங்க? மாவு பிசையணும்னா ஒரு ஓரமாத் தள்ளிட்டுப் பிசைங்க. விருந்துக்கு எடுக்கிற பெரிய பாத்திரம்தான் பரணுக்குப் போகணும். உப்பு போகக்கூடாது."

அம்மா அன்று முழுக்க அண்ணியிடம் பேசவில்லை. ஆனால் மறுநாள் உப்பு மேடையில்தான் இருந்தது.

அண்ணனின் கடை மூடப்பட்ட பிறகு எங்கள் வீட்டில் நிரந்தர வேலை என்று யாருக்கும் இல்லை. நான் ஒப்பந்த ஊழியர், அண்ணியும் ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இயக்குநரின் அறை வாசலில் நின்று, வேலையை நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்க வேண்டும். யாரிடமும் தலை குனியாத அண்ணி அந்த வாசலில் நிற்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அவருக்கு நிரந்தர ஆணை வரப் போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது வீட்டில் எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டு நடமாடினோம். அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லியே விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி பேருந்துப் படியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு சில வாரம் விடுப்பில் இருந்தார். அதே சமயத்தில்தான் புது இயக்குநர் வந்தார். அதற்கு முன் பெரிய கோடவுன் ஒன்றை நிர்வகித்தவராம். நல்ல மனிதர்தான், வந்ததும் எங்கள் நாற்காலிகளையெல்லாம் மாற்றிக் கொடுத்தார். ஆனால் எதையும் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு. கூடத்துச் சுவரில் ஆளுயரத் திரை ஒன்றை மாட்டினார். சர்வரில் எவ்வளவு மெமரி காலியாக இருக்கிறது என்று அது காட்டும். நிறைய காலி என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. மாட்டிய நாளே அது சிவப்பாக எரிந்தது. மூன்று சதவீதம்தான் காலி. இயக்குநருக்கு முகம் வெளுத்துவிட்டது.

திரையை விற்ற நிறுவனத்திலிருந்து பராமரிப்புக்கு ஒருவர் வருவார். எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்பதால் அவருக்கு எங்கள் கூடத்தில் அதுதான் பெயர். மெமரியைக் காலி செய்யச் சொன்னார் இயக்குநர். சரிங்கசார் ஒரு கட்டளையை எழுதி, மணிக்கு ஒருமுறை அது தானாக ஓடும்படி வைத்தார். அது ஓடியதும் சர்வர் கையில் வைத்திருந்த கோப்பு நகல்கள் எல்லாம் துடைத்து எறியப்படும். கூடவே, மெமரி நெருக்கடியில் டிஸ்கின் ஒரு மூலையைப் பயன்படுத்திக்கொள்ளும் ஸ்வாப் என்ற ஏற்பாட்டையும் அணைத்துவிட்டார். டிஸ்க் மெதுவானது, அது எதற்கு என்று இயக்குநர் கேட்டாராம். திரை பச்சையானது. கூடத்தில் எல்லோரும் கைதட்டினோம்.

அதற்கப்புறம் ஒரு வேடிக்கை ஆரம்பித்தது. சரியாக மணி முடிந்து அடுத்த மணி தொடங்கும்போது மேப் விரிய மறுக்கும். தெருப் பெயரைத் தட்டிவிட்டுச் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தேறிவிடும். ஒருமுறை மேப் தானாகவே மூடியும் கொண்டது. என் பக்கத்து நாற்காலி அக்கா இந்த வேலையில் பழுத்தவர். அவர் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்.

"ஜனங்க கடிகாரத்தைப் பாத்துத்தான் பயப்படறாங்க. பத்து மணி வரைக்கும் பாப்போம், சரியாகலைன்னா கூப்பிடுவோம்னு உக்காந்திருப்பாங்க. மணி அடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடறாங்க. அதான் நெரிசல்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நாங்களும் அதை நம்பி ஒரு வழக்கமே வைத்துக்கொண்டோம். மணி அடிக்கிற நேரத்துக்கு முன்பே காகிதமும் பேனாவும் தயாராக இருக்கும். முகவரியைக் கையால் எழுதி, ஊரின் அந்தப் பக்கம் குடியிருக்கிற ஊழியர் யாரோ அவரிடம் கத்திக் கேட்போம். "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ரெண்டாவது சந்தா, மூணாவதா?" இப்படித்தான் ஆம்புலன்ஸ் அனுப்பினோம். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அண்ணி கட்டுப்போட்ட கையோடு திரும்பி வந்த அன்று, எங்கள் கூடத்தில் காகிதம் பறப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த மணி வரும் வரை என் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார். அவர் உள்ளே யாரைத் திட்டினார் என்று தெரியாது, அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை, ஆனால் சத்தம் கேட்டது.

வெளியே வந்து பழுத்த அக்காவிடம் சொன்னார். "அக்கா, ஜனங்க மணி பாத்துக் கூப்பிடல. நம்ம மெஷினை மணிக்கு மணி மண்டையில அடிச்சு எல்லாத்தையும் மறக்க வச்சிருக்காங்க. நீங்க அடிக்கடி கேக்கற தெருவையெல்லாம் அது டிஸ்க்ல இருந்து ஒருதடவை எடுத்து, திரும்பக் கேப்பாங்கன்னு மெமரியிலயே வச்சிருக்கும். அதைத் துடைச்சுட்டா மறுபடி முதல்ல இருந்து படிக்கணும். எல்லாரும் ஒண்ணாக் கேட்டா டிஸ்க் திணறாம என்ன பண்ணும்?"

"அப்ப போன வாரம் மேப் தானா மூடிக்கிச்சே, அது?" என்று நான் கேட்டேன்.

"ஸ்வாப் இல்லையே. நெருக்கடி வந்தா, சும்மா தூங்கிட்டிருக்கறதை டிஸ்க்ல ஒரு ஓரமாக் கொண்டுபோய் வச்சிட்டு இடம் பண்ணும். அதுக்கும் வழியில்லைன்னா இருக்கறதுல பெரிய ஆளாப் பாத்து வெளிய தள்ளும். இங்க பெரிய ஆளு மேப்தான்."

அன்றே கட்டளையை எடுத்தார், ஸ்வாப்பைத் திரும்பப் போட்டார். திரை சிவப்பானது. மணி அடித்தது, மேப் விரிந்தது. காகிதங்களைக் குப்பையில் போட்டோம்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மறுநாள் மதியம் போன்கள் ஓய்ந்திருந்த நேரத்துக்குப் பிறகு முதல் அழைப்பு வந்தபோது, மேப் நிரல் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி தள்ளாடியது. அண்ணி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கூடத்தின் நடுவில் நின்று, "இது என் தப்பு. யாரும் வேற காரணம் தேட வேண்டாம்" என்றார். மதியத்தில்தான் பேச்சுப் பதிவுகளுக்கெல்லாம் பிரதி எடுக்கும் வேலை ஓடும். அந்தப் பெரிய கோப்புகள் மெமரியை அடைத்துக்கொள்ள, அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காகச் சும்மா இருந்த மேப்பையே சர்வர் ஸ்வாப்புக்கு அனுப்பியிருந்தது. எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறதாம். அண்ணி அதைத் தொடாமல் விட்டிருந்தார். இப்போது, நெருக்கடி வந்தால் முதலில் கோப்பு நகல்களை விடு, ஓடுகிற நிரலில் லேசில் கை வைக்காதே என்று திருப்பினார். பிரதி எடுக்கும் வேலைக்கும், படித்ததைச் சேர்த்து வைக்காதே என்று சொல்லிவைத்தார். அப்படியும் நாலைந்து நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்து கூட்டியும் குறைத்தும் பார்த்தார்.

"அளவை ஒரேயடியா அந்தக் கோடிக்குத் திருப்பிட வேண்டியதுதானே அண்ணி?"

"அப்புறம் ஒண்ணுக்கும் உதவாத பழைய குப்பையெல்லாம் நிரல்ங்கற பேர்ல உள்ளயே உக்காந்திருக்கும். தெரு நகலெல்லாம் போயிடும். ரெண்டும் வேணும்டி. நம்ம வேலை எப்படியோ அப்படி வைக்கணும்."

இயக்குநர் வெளியூர்ப் பயணத்திலிருந்து திரும்பியதும் நேராகக் கூடத்துக்கு வந்தார். எல்லோர் முன்னிலையிலும்தான் பேச்சு நடந்தது.

"என்னம்மா இது? நீங்க இல்லாதப்ப பச்சையா இருந்துச்சு. நீங்க வந்ததும் சிவப்பு."

"சார், மெமரி காலியா இருந்தா அது சும்மா இருக்குன்னு அர்த்தம். நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல."

"நான் கோடவுன் பாத்தவன். ரொம்பி வழிஞ்சா எவ்வளவு ஆபத்துன்னு எனக்குத் தெரியாதா?"

"கோடவுன்ல இருக்கறது சரக்கு சார். இங்க பாதிக்கு மேல இருக்கறது நகல். அசல் டிஸ்க்ல பத்திரமா இருக்கு. யாருக்காவது இடம் வேணும்னா அந்த நிமிஷமே நகலைத் தூக்கிப் போட்டு இடம் குடுத்துடும். யாருமே கேக்காதப்ப எதுக்குத் தூக்கிப் போடணும்?"

இயக்குநர் திரையையே பார்த்தார். அண்ணி கொஞ்சம் இறங்கி வந்தார், அவர் இறங்கி வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "வேணும்னா திரையில காட்டற கணக்கை மாத்திடலாம் சார். தேவைப்பட்டா எவ்வளவு கிடைக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. அதுதான் உண்மையான கணக்கு."

"பரிட்சையில பாஸ் ஆகலைன்னா கேள்வித்தாளை மாத்துவீங்களா?"

கூடத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

"கேள்வி தப்பா இருந்தா மாத்தத்தானே சார் வேணும்" என்றார் அண்ணி.

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். மேலிடத்துக் குழு ஒன்று பார்வையிட வருகிறது. முதலில் அவர்கள் கண்ணில் படப் போவது அந்தத் திரைதான். அவர்கள் வரும் அன்றைக்கு மட்டும் பச்சையாக இருக்கட்டும். "ஒரே ஒரு நாள். அப்புறம் உங்க இஷ்டம். உங்க நிரந்தர ஆணை தயாரா இருக்கு. குழு போனதும் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"அந்த நாள்ல போன் வராதா சார்?" என்று கேட்டுவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டார்.

வீட்டில் அன்று சாயங்காலம் டிபன் சாப்பிடும்போது நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டோம். நான், அம்மா, அண்ணன் மூவரும் ஒரே கட்சியில் இருந்தது அபூர்வம்.

"ஒரு பட்டன்தானே. கண்ணை மூடிக்கிட்டுத் தட்டிட்டு வா" என்றான் அண்ணன்.

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாமப் பண்ணாத" என்றாள் அம்மா.

"கொஞ்ச நேரம்தானே அண்ணி மெதுவாகும், நாங்க காகிதத்துல எழுதிச் சமாளிச்சுக்கறோம்" என்றேன் நான்.

அண்ணி அம்மாவையும் அண்ணனையும் விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். "நீ போன் எடுக்கறவ. நீயே இப்படிச் சொல்லாத. அந்தக் கொஞ்ச நேரத்துல யாருக்கு மூச்சு முட்டும்னு உனக்குத் தெரியுமா? நமக்கு அது கொஞ்ச நேரம். அந்தப் பக்கம் பேசறவங்களுக்கு?"

அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அந்த வாசல்ல போய்க் கையைக் கட்டிட்டு நிக்கறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க? அந்த ஆணை எனக்கு வேணும். ரொம்ப வேணும். ஆனா இதுக்காக வேண்டாம்."

குழு வந்த அன்று காலையில் திரை சிவப்பாகத்தான் இருந்தது. சரிங்கசாரை வரவழைத்திருந்தார் இயக்குநர். பாவம் அவர், கண்ணாடிக் கதவு வரை போனார், உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தார், காபி குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அன்று முழுக்கக் குடித்துக்கொண்டே இருந்தார். அவர் வாழ்க்கையில் "சரிங்க சார்" சொல்லாமல் விட்ட ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

குழுவில் நான்கு பேர். இயக்குநர் முன்னால் நடந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்ததும் அவர்களில் மூத்தவர், "என்ன, ஏதாவது கோளாறா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார், இப்ப சரி பண்ணிடுவாங்க" என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து அண்ணியைக் கூப்பிட்டார். சிரிப்பு உதட்டோடு நின்றது. "அதைக் காலி பண்ணுங்கம்மா. இப்பவே."

அண்ணி வெளியே வந்தார். கைக் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. குழுவினருக்கு வணக்கம் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, என் தலையிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி எடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"காலி பண்றேன் சார்" என்றார். ஹெட்செட்டை இயக்குநரை நோக்கி நீட்டினார். "பண்ணின உடனே வர்ற முதல் அழைப்பை மட்டும் நீங்க எடுங்க. தெருப் பேரைத் தட்டுங்க. மேப் வர்ற வரைக்கும் அவங்ககிட்ட நீங்க பேசிட்டு இருங்க. அது போதும். நான் இப்பவே பட்டனைத் தட்டறேன்."

இயக்குநர் ஹெட்செட்டைப் பார்த்தார். குழுவினர் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் கையை நீட்டவில்லை. நீட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன், அவர் நீட்டியிருந்தால் அண்ணி தட்டியிருப்பார்.

என் மேசையில் விளக்கு மினுக்கியது. அழைப்பு.

அண்ணி ஒரு கணம்கூட வீணாக்கவில்லை, ஹெட்செட்டை என் கையில் திணித்தார். ஏணியிலிருந்து விழுந்த ஒருவர், தலையில் அடி, பேசுவது அவர் மகள். தெருப் பெயரில் பாதி தட்டுவதற்குள் மேப் விரிந்துவிட்டது. பக்கத்து முனையில் வண்டி நின்றது. "அவரை அசைக்காதீங்கம்மா, வண்டி கிளம்பிடுச்சு" என்று சொல்லும்போது என் பின்னால் ஐந்து பேர் நிற்பது எனக்கு முதுகில் தெரிந்தது.

நான் திரும்பியபோது அண்ணி இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்ததை எடுக்கறீங்களா சார்?"

அவர் எடுக்கவில்லை. மூத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த அறையைப் பார்க்கலாம் என்றார். எல்லோரும் போனார்கள். நிரந்தர ஆணை என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் வாசல் பக்கமே வரவில்லை. நான் கழிவறையில் போய் அழுதேன். அண்ணி அழுதாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கிற தைரியம் எனக்கில்லை.

சில நாள் கழித்து இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. உதவியாளர் அதைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். இனி இந்தச் சர்வரில் நடக்கும் எந்தக் கோளாறுக்கும் முழுப் பொறுப்பு இந்த ஒப்பந்த ஊழியரையே சேரும், இவரைத் தவிர வேறு எவரும் இதன் அமைப்புகளைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்தது. மாட்டிவிடுவதற்கென்றே எழுதியது என்று படிக்கும்போதே தெரிந்தது.

"அண்ணி, உங்களை நல்லா மாட்டிவிடப் பாக்கறாங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "வேற யாரும் தொடக் கூடாதுன்னு போட்டிருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"போட்டிருக்கு."

"கையெழுத்து?"

"இருக்கு."

"அப்ப சரி" என்றார் அண்ணி. உத்தரவின் உரிந்திருந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.